கையில் ரெண்டு லட்சம்: எங்கே போடுவது?

போன ஐப்பசியில் என் சித்திக்குச் சீட்டுப் பணம் வந்தது. பதிவு செய்த சீட்டு. ஏலத்தில் தள்ளி எடுக்காமல் கடைசி மாதம் வரை பொறுத்திருந்து எடுத்ததில் கையில் இரண்டு லட்சம் ரூபாய். தையல் மெஷினை மிதித்துச் சேர்த்த பணம். வந்த சேதி எப்படியோ தெருவுக்குள் பரவிவிட்டது. ஒருவர் நகை வாங்கச் சொன்னார். ஒருவர் நம்பிக்கையான ஆள் இருக்கிறார், வெளியே வட்டிக்கு விடலாம் என்றார். வங்கியில் வேறொன்று சொன்னார்கள். சித்தி என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எதுல போட்டாப்பா வட்டி கூட வரும்?"

எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறோம். தொகை சிறியதாக இருக்கும்போது இதைக் கடைசியில் கேட்பது நல்லது. காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இரண்டு லட்சத்துக்கு ஒரு சதவீத வட்டி வித்தியாசம் என்றால் வருடத்துக்கு 2,000 ரூபாய், மாதத்துக்கு 167 ரூபாய். சித்தி ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்தால் வருகிற கூலி. அந்த 167 ரூபாய்க்காக இரண்டு லட்சத்தையும் ஆபத்தான இடத்தில் வைக்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. இருபது லட்சம் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு. இரண்டு லட்சம்தான் மொத்த இருப்பு என்பவருக்குப் போட்ட முதல் திரும்பி வருவதும், தேவைப்படும் நாளில் வருவதும்தான் முக்கியம். வட்டி அதற்குப் பிறகு.

முதலில் வட்டியை ஒரே பாஷைக்குக் கொண்டுவர வேண்டும். ஊரில் நாம் பேசுவது மாதக் கணக்கு. "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். "ஒரு வட்டி" 12 சதவீதம். வங்கியும் தபால் நிலையமும் பேசுவது வருடக் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காததால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வங்கியில் ஆறரை சதவீதம் என்றால், நம் கணக்கில் நூற்றுக்கு மாதம் 54 காசு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கான மத்திய அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தருவது 8.2 சதவீதம், அதாவது 68 காசு. பாதுகாப்பான இடங்களில் கிடைப்பது ஏறத்தாழ இவ்வளவுதான்: நூற்றுக்கு அரை ரூபாயிலிருந்து முக்கால் ரூபாய்க்குள்.

இப்படிச் சொன்னதும் சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் அடகுக் கடையில கட்டுறது?" என்றார். அந்தக் கேள்வி அவராகவே வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அவருடைய சங்கிலி ஒன்று 45,000 ரூபாய்க்கு அடகில் இருந்தது, ஒன்றரை வட்டிக்கு. வருடத்துக்கு 18 சதவீதம், 8,100 ரூபாய். அதே 45,000 ரூபாயை ஆறரை சதவீதத்துக்கு வங்கியில் போட்டால் 2,925 ரூபாய் வரும். ஒரு கையால் 8,100 கொடுத்துக்கொண்டு மறு கையால் 2,925 வாங்கினால் வருடத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் தண்ணீராகக் கரையும். இந்த நாட்டில் எந்த நேர்மையான டெபாசிட்டும் 18 சதவீதம் தராது. ஆனால் 18 சதவீதக் கடனை அடைத்தால் அந்த 18 சதவீதம் உறுதியாக நம் கையில் நிற்கிறது. ஆகவே கையில் மொத்தமாகப் பணம் வந்தால் அதை முதலில் போட வேண்டிய இடம், வட்டி அதிகமான பழைய கடன். அடகு, கடன் அட்டை பாக்கி, கைமாற்று என எதுவாக இருந்தாலும் சரி. வீட்டுக் கடன் போன்ற குறைந்த வட்டிக் கடன்களை இந்த அவசரத்தில் சேர்க்க வேண்டியதில்லை.

சங்கிலி போக மீதி 1,55,000. அடுத்து நான் கேட்டது தேதிகளை. இந்தப் பணம் எந்த மாதத்தில், எதற்காக வேண்டியிருக்கும்? மகளுக்கு ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், 60,000 ரூபாய். உடம்புக்கு ஏதாவது வந்தால், மெஷின் பழுதானால், ஆடி மாதம் தையல் படுத்துவிட்டால் சமாளிக்க 40,000 ரூபாய். மிச்சம் 55,000 இப்போதைக்கு எதற்கும் இல்லை. இரண்டு லட்சம் என்ற ஒற்றைக் கட்டு இப்படி நான்காகப் பிரிந்ததும் "எங்கே போடுவது" என்ற கேள்விக்குப் பாதி விடை தானாக வந்துவிட்டது. மொத்தத்தையும் ஒரே இடத்தில் போட நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

எந்த நேரத்திலும் வேண்டியிருக்கும் 40,000 சேமிப்புக் கணக்கில்தான் இருக்க வேண்டும். 2025 நடுவில் பெரிய வங்கிகள் பலவும் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டன. தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு 4 சதவீதம் தருகிறது. 40,000 ரூபாய்க்கு வருட வித்தியாசம் 600 ரூபாய். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு: மாதத்தின் 10ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 12ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி கிடையாது, 25ஆம் தேதி எடுத்த பணத்துக்கும் கிடையாது. வங்கியும் ஏடிஎம்மும் பக்கத்திலேயே இருந்து தபால் நிலையம் தூரத்தில் இருந்தால் அந்த 600 ரூபாயை விட்டுவிடலாம். ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது பணம் கைக்கு வருவதுதான் இந்தப் பங்கின் வேலை.

ஜூன் மாதப் பணத்துக்கு எஃப்.டி. சரியான இடம். எஃப்.டி. என்பது நாம் வங்கிக்குக் கொடுக்கும் கடன். இத்தனை நாளைக்கு, இந்த வட்டிக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் முடியும் வரை வட்டி மாறாது. நாட்டில் வட்டி இறங்கினாலும் நமக்கு எழுதியது எழுதியதுதான். 2025இல் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, பலமுறை குறைத்தது. பிப்ரவரிக்கு முன் ஆறரை சதவீதமாக இருந்தது டிசம்பரில் 5.25 ஆனது. புதிய எஃப்.டி.களின் வட்டி அதைத் தொடர்ந்து இறங்கியது. முன்பே போட்டவர்களை அது தொடவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: எஃப்.டி.யை முழு வருடக் கணக்கில்தான் போட வேண்டும் என்பதில்லை. நாள் கணக்கில் சொல்லலாம். சித்திக்கு மே 15 அன்று முடிகிற மாதிரி போட்டோம். ஏழு மாதத்துக்கு ஆறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 60,000 ரூபாய்க்கு 2,100 ரூபாய் வட்டி. சேமிப்புக் கணக்கிலேயே விட்டிருந்தால் 875 ரூபாய்தான். வருடக் கணக்கில் போட்டு நடுவில் உடைத்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்த வட்டி கிடைக்காது. பணம் உண்மையில் இருந்த காலத்துக்கு உரிய குறைந்த வட்டியை எடுத்து, அதிலும் அரை அல்லது ஒரு சதவீதத்தை அபராதமாகக் கழிப்பது வழக்கம். போட்ட முதல் குறையாது, வட்டிதான் தேயும். பத்து இருபது நாள் தேவை என்றால் உடைப்பதைவிட அந்த எஃப்.டி.யின் மேலேயே கடன் வாங்குவது லாபம். பெரும்பாலான வங்கிகள் தொகையில் 90 சதவீதம் வரை கொடுக்கும், வட்டி எஃப்.டி. வட்டியைவிட ஒன்று இரண்டு சதவீதம்தான் கூட. இன்னொன்று: முதிர்வு நாளில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் பல வங்கிகள் அதே காலத்துக்குத் தானாகவே புதுப்பித்துவிடும். கட்டணம் கட்டும் வாரத்தில் போய் நின்றால் பணம் மறுபடி பூட்டியிருக்கும். விண்ணப்பத்திலேயே "முதிர்ந்ததும் சேமிப்புக் கணக்குக்கு" என்று குறிக்கச் சொல்லுங்கள்.

மிச்சம் 55,000 தபால் நிலையத்துக்குப் போனது. தபால் நிலையத் திட்டங்களுக்கு மத்திய அரசே பொறுப்பு என்பதால் அங்கே எவ்வளவு தொகை வரை பாதுகாப்பு என்று பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். போட்ட நாளின் வட்டி அந்த டெபாசிட் முடியும் வரை நிற்கும். 2025இல் மூன்று வருட டெபாசிட்டுக்கு 7.1, ஐந்து வருடத்துக்கு 7.5, ஐந்து வருடத் தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கு 7.7 சதவீதம். சேமிப்புப் பத்திரத்தில் ஒரு லட்சம் ஐந்து வருடத்தில் 1,44,903 ஆகும். சித்தி அதைத்தான் விரும்பினார். நான் மூன்று வருடத்தையே சொன்னேன். சேமிப்புப் பத்திரத்தை, வைத்திருப்பவர் இறந்தாலோ நீதிமன்றம் உத்தரவிட்டாலோ தவிர, நடுவில் பணமாக்க முடியாது. ஐந்து வருட டெபாசிட்டையும் நான்கு வருடம் ஆகாமல் மூட முடியாது. கையில் வேறு இருப்பு இல்லாதவருக்கு 0.6 சதவீதத்துக்காக அந்தப் பூட்டு வேண்டாம். 55,000 ரூபாய்க்கு அது வருடத்தில் 330 ரூபாய்.

மாதா மாதம் கைச்செலவுக்கு வட்டி வேண்டும் என்பவர்களுக்கு அங்கேயே மாத வருமானத் திட்டம் இருக்கிறது. 7.4 சதவீதம், இரண்டு லட்சத்துக்கு மாதம் 1,233 ரூபாய். ஒரு வருடத்துக்கு முன் எடுக்க முடியாது. மூன்று வருடத்துக்குள் எடுத்தால் அசலிலேயே இரண்டு சதவீதம் கழியும், அதன் பிறகு எடுத்தால் ஒரு சதவீதம். மாத வட்டியை எடுக்காமல் விட்டால் அந்த வட்டிக்கு வட்டி கிடையாது. செலவுக்குத் தேவையில்லாதவர் இதில் போடுவதில் அர்த்தமில்லை. பெண்களுக்கென்று இரண்டு வருடத்துக்கு 7.5 சதவீதம் தந்த மகிளா சம்மான் திட்டத்தை இப்போதும் கேட்டுப் போகிறார்கள். அது 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது.

வங்கி திவாலானால் பணம் போய்விடாதா என்று சித்தி கேட்டார். நியாயமான பயம். 1960இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது அந்தப் பயம் நாடு முழுக்கப் பரவியது. அதன் பிறகுதான் 1962இல் டெபாசிட் காப்பீடு வந்தது. ஆரம்பத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான் காப்பீடு. 1993இல் அது ஒரு லட்சமானது, 2020 பிப்ரவரியிலிருந்து ஐந்து லட்சம். ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் எல்லாக் கிளைக் கணக்குகளையும் கூட்டி, அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம். காப்பீட்டுக் கட்டணத்தை வங்கி கட்டுகிறது, நம்மிடம் எதுவும் பிடிப்பதில்லை. அதனால் இரண்டு லட்சம் வைத்திருப்பவருக்குப் பெரிய அரசு வங்கியும் சிறிய தனியார் வங்கியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். சிறு நிதி வங்கிகள் (ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்) கொஞ்சம் கூடுதலாக வட்டி தருகின்றன. அவையும் இதே காப்பீட்டுக்குள் வருகின்றன.

ஆனால் காப்பீடு உண்டு என்பதும் பணம் உடனே கிடைக்கும் என்பதும் வேறு வேறு. 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியை ரிசர்வ் வங்கி கட்டுப்பாட்டில் கொண்டுவந்தபோது, முதலில் ஒருவர் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய். 2021இல் சட்டத்தைத் திருத்தி, இப்படி முடங்கும் வங்கிகளில் காப்பீட்டுத் தொகையை 90 நாளுக்குள் தர வேண்டும் என்றார்கள். 90 நாள் காத்திருக்க முடிகிற பணத்தை மட்டும் கூடுதல் வட்டி தேடிச் சிறிய வங்கிக்கு அனுப்பலாம். அவசரப் பணத்தை அனுப்பக் கூடாது.

நம் ஊர்களில் அடிக்கடி தவறவிடுகிற இடம் கூட்டுறவு. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கும் நகரக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. கிராமத்தில் நகைக் கடனும் பயிர்க் கடனும் கொடுக்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்குக் கிடையாது. பெயர்ப் பலகையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். "இங்கே டெபாசிட் காப்பீடு உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

'நிதி' என்று பெயர் முடியும் உறுப்பினர் நிறுவனங்களுக்கும், டெபாசிட் வாங்கும் நிதி நிறுவனங்களுக்கும் காப்பீடு கிடையாது. பழைய நிறுவனம் என்பதும் காப்பு ஆகாது. 2024இல் மயிலாப்பூரில் நூற்றைம்பது வருடத்தைத் தாண்டிய ஒரு நிதி நிறுவனத்தில் போட்டவர்கள் பணம் திரும்பி வராமல் காவல்துறையிடம் போய் நின்றார்கள். பலர் ஓய்வூதியர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இத்தகைய நிறுவனங்கள் டெபாசிட்டுக்குத் தரக்கூடிய உச்ச வட்டி வருடத்துக்கு 12.5 சதவீதம் என்று விதி இருக்கிறது. நம் கணக்கில் அது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் நாலு காசு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் டெபாசிட்டுக்கு ஒரு நிறுவனம் "ரெண்டு வட்டி தர்றோம், மூணு வட்டி தர்றோம்" என்று சொன்னால், அது விதி தாண்டிய பேச்சு. கணக்கு வழக்கு எதையும் பார்க்காமல் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997இலிருந்து இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டுச் சொத்தை முடக்கும். பணம் கைக்கு வர வருடங்கள் ஆகும், முழுதாக வருமா என்பதும் உறுதியில்லை.

நகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொன் விலை ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாங்கும்போது செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி என்று கொடுப்பது விற்கும்போது திரும்பாது. கல்யாணத்துக்கு வேண்டிய நகை என்றால் வாங்கலாம், அது நகை. ஜூன் மாதக் கட்டணத்தை நகையாக வைத்தால் ஜூனில் அது மறுபடி அடகுக் கடைக்குத்தான் போகும். பரஸ்பர நிதியும் (மியூச்சுவல் ஃபண்ட்) அப்படியே: ஏழெட்டு வருடம் தொடத் தேவையில்லாத பணம் இருப்பவருக்கு நல்ல இடம், விலைவாசியைத் தாண்டி வளர அங்கே வாய்ப்பு உண்டு. சித்தியிடம் அப்படிப்பட்ட பணம் இன்னும் சேரவில்லை.

வங்கியில் சொன்ன யோசனையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். எந்த வங்கி என்பது வேண்டாம். சித்தி எஃப்.டி. போடத்தான் போனார். கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாக உட்கார வைத்து, "எஃப்.டி. மாதிரியேதாம்மா, அதைவிட நல்லது" என்று ஒரு விண்ணப்பத்தை நீட்டியிருக்கிறார். சித்தி கையெழுத்துப் போடாமல் தாளை வீட்டுக்கு எடுத்து வந்தார். அது ஆயுள் காப்பீடு. வருடத்துக்கு 50,000 வீதம் ஐந்து வருடம் கட்ட வேண்டும். முதல் வருடம் கட்டிவிட்டு அடுத்த வருடம் முடியாமல் போனால் கட்டியதில் ஒரு பகுதியை இழக்க வேண்டியிருக்கும். வருடா வருடம் 50,000 எடுத்து வைக்க சித்தியால் எப்படி முடியும்? அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம்: எஃப்.டி. விண்ணப்பம் உங்கள் உயரம், எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிக் கேட்காது. உடம்பைப் பற்றிக் கேட்கிற தாள் காப்பீட்டுத் தாள். எஃப்.டி. போட்டால் கையில் ஒரு ரசீது வரும். அதில் போட்ட தொகை, வட்டி விகிதம், முதிர்வு நாள், முதிர்வுத் தொகை நான்கும் இருக்கும். அந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வேறு ஏதோ. தெரியாமல் காப்பீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். சிறு பிடித்தம் போக மீதி வரும். அந்த 30 நாளை வங்கிக்காரர் நினைவூட்ட மாட்டார், நாம்தான் எண்ண வேண்டும்.

வரியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். வட்டி வருமானம்தான், வரிக் கணக்கில் சேரும். ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து ஒரு வங்கியில் வருட வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் அங்கேயே பிடிப்பார்கள், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம். இரண்டு லட்சத்துக்கு வரும் வட்டி பதினேழாயிரத்துக்குள்தான்.

கடைசியாக நாமினி, நமக்குப் பிறகு பணத்தை வாங்க நாம் எழுதிக் கொடுக்கும் பெயர். ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியாக எழுத வேண்டும், ஒன்றில் எழுதினால் மற்றதற்கு ஆகாது. 2025 நவம்பரிலிருந்து வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், யாருக்கு எத்தனை பங்கு என்றும் குறிக்கலாம். சித்தப்பா இறந்தபோது அவருடைய கணக்கு ஒன்றில் நாமினி இல்லாமல் சித்தி வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்திருக்கிறார். அதனால் இந்த முறை அந்தக் கட்டத்தை அவரே முதலில் நிரப்பினார், மகள் பெயரை.

சங்கிலி இப்போது சித்தியின் கழுத்தில் இருக்கிறது. எஃப்.டி. ரசீதும் தபால் நிலையப் பாஸ்புக்கும் மெஷின் மேஜை இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில். புது வருடக் காலண்டர் அப்போது வந்திருக்கவில்லை. "மே 15, அறுபதாயிரம், காலேஜ்" என்று எழுதிய துண்டுச் சீட்டைப் பாஸ்புக்குக்குள் வைத்திருந்தார், காலண்டர் வந்ததும் எழுத.